சுண்டு விரல் எட்டுகிற தூரம்

பங்குனி பிறந்துவிட்டால் அருப்புக்கோட்டைச் சீமையில் ஊருக்கு ஊர் அம்மன் கோவில் பொங்கல். பொங்கலுக்குப் பொங்கல் மெல்லிசைக் கச்சேரி. திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துக் கரிசல் கிராமங்களும் இந்த விஷயத்தில் சளைத்தவை அல்ல. மழை பொய்த்த வருஷமானாலும் சரி, கண்மாய் வெடித்துக் கிடந்தாலும் சரி, மேடை போடுவதிலும் சீரியல் விளக்குக் கட்டுவதிலும் குறை வைக்க மாட்டார்கள். அப்படி ஒரு கச்சேரிக்கு அடுத்த முறை போனால், வாசகர்கள் எங்களுக்காக ஒரு காரியம் செய்ய வேண்டும். பாடகரைப் பார்க்க வேண்டாம். பாடகியையும் பார்க்க வேண்டாம். ஓரமாக நின்று எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறாரே, அவரைப் பாருங்கள். கிட்டார் வாசிப்பவரைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் மெட்டுக்களின் மேல் ஓடி விளையாடும் இடது கையைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் வலது கையைப் பாருங்கள். அதிலும் சுண்டு விரலைப் பாருங்கள்.

பல்லவியைப் பாடகர் எடுக்கும்போது கிட்டார் அடங்கி ஒலிக்க வேண்டும். பல்லவி முடிந்து இடையிசை வந்தவுடன் அதே கிட்டார் தலை நிமிர்ந்து பேச வேண்டும். சரணம் தொடங்கினால் மறுபடியும் அடக்கம். இந்த மாறுதலுக்கு அவருக்குக் கிடைக்கும் அவகாசம் தாளத்தில் ஒரு தட்டு. சில பாட்டுக்களில் அதுவும் இல்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தந்தியை மீட்டும் 'பிக்'கைப் பிடித்திருக்கின்றன. மீட்டு நிற்கக் கூடாது. கண் சக வாத்தியக்காரர்கள் மேல் இருக்கிறது. மிச்சம் இருப்பது சுண்டு விரல் ஒன்றுதான். அது மெள்ள நீண்டு, கிட்டாரின் உடம்பில் பொருத்தியிருக்கும் ஒரு சிறு குமிழைத் தொட்டு, அரைக்கால் திருப்புத் திருப்பிவிட்டு, ஒன்றும் அறியாததுபோல் திரும்பிவிடுகிறது.

சுண்டு விரல் போகிற இடத்தில் குமிழ் இல்லாவிட்டால்?

அப்போதுதான் விபரீதம். மீட்டுவதை நிறுத்திவிட்டுக் கையைக் கொண்டுபோய்த் திருக வேண்டும். அதற்குள் இரண்டு தட்டுக்கள் போய்விடும். அல்லது திருகாமலே வாசிக்க வேண்டும். பாடகரின் குரல் கிட்டாருக்குள் மூழ்கிவிடும். பாடகர் திரும்பிப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் குறைச்சுக்கோ!" என்று சைகை காட்டுவார். கூட்டத்தில் இருப்பவர்கள், "பையனுக்கு இன்னும் கை படியவில்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். பையனும் அதை நம்பிவிடுவான். அங்குதான் நமக்கு ஆட்சேபம். கை படியாதது பையனுக்கா, அல்லது எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் துளை போட்டவர் இரண்டங்குலம் தள்ளிப் போட்டுவிட்டாரா என்பதை யாரும் விசாரிப்பதில்லை.

இது சின்ன விஷயம் அல்ல. மானாவாரி நிலத்து வருமானத்தில் மிச்சம் பிடித்தோ, தவணைக்கோ ஒரு கிட்டாரை வாங்கிக் கொடுக்கிற வீட்டில், அதை மாற்றிவிட்டு வேறொன்று வாங்கலாம் என்ற பேச்சுக்கு இடமே இல்லை. வாங்கினது வாங்கினதுதான். ஆகவே குமிழோடு மல்லுக்கட்டி, தனக்குச் சங்கீதம் வராது என்று முடிவு கட்டி, வாத்தியத்தை உறையில் போட்டு ஆணியில் மாட்டிவிடுகிற பிள்ளைகள் உண்டு. அவர்களுக்காகவும், அவர்களைப் பெற்றவர்களுக்காகவும் இந்தக் குமிழ் புராணத்தைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்கிறோம்.

எலெக்ட்ரிக் கிட்டாரின் உடம்பு பெரும்பாலும் கெட்டியான மரப் பலகை. வீணையின் குடத்தைப் போல உள்ளே வெற்றிடம் கிடையாது. ஆகவே மின்சாரம் இல்லாமல் மீட்டினால் கொசு முனகுவது போலத்தான் கேட்கும். தந்திகளுக்கு அடியில் காந்தமும், காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுக்கள் சுற்றிய மயிரிழை போன்ற செப்புக் கம்பியும் இருக்கின்றன. இதற்குப் 'பிக்கப்' என்று பெயர். உருக்குத் தந்தி அதிர்ந்தால் அந்தச் சுருளில் துளி மின்சாரம் பிறக்கிறது. அது கம்பி வழியாக ஆம்பிளிஃபயருக்குப் போய்ப் பூதாகாரமாகி வெளியே வருகிறது. போகிற வழியில் மூன்று வாசற்படிகள். எந்தப் பிக்கப் பேச வேண்டும் என்று தீர்மானிக்கும் ஸ்விட்ச் ஒன்று. குதிரைக்கு அருகில் உள்ள பிக்கப் கூர்மையாகப் பேசும், கழுத்துக்கு அருகில் உள்ளது குழைவாகப் பேசும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இன்னொன்று. கூர்மையை மழுக்கும் 'டோன்' குமிழ் மூன்றாவது.

ரேடியோப் பெட்டியைத் திருகிப் பழகியவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் ரேடியோவை ஒரு தடவை திருகிவிட்டுச் சாய்வு நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடலாம். கிட்டார்க்காரருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. இரண்டு கையும் வேலையில் இருக்கும்போதே திருக வேண்டும்.

கையும் கருவியும் இப்படி ஒன்றை ஒன்று பார்க்காமலே சந்தித்துக்கொள்ள வேண்டும் என்பது அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அந்த ஊர் நெசவுக்குப் பேர் போனது. விசைத்தறி பெருகிவிட்ட காலத்திலும், கைத்தறியில் உட்கார்ந்தவரைப் பார்த்தவர்கள் இருக்கிறீர்கள். வலது கை கயிற்றைச் சுண்டி இழுக்கிறது, நாடா பறக்கிறது. இடது கை அச்சுப் பலகையைத் தள்ளி இழுக்கிறது. கால் மிதியை மாற்றி மாற்றி மிதிக்கிறது. கண் மட்டும் துணியை விட்டு அகலுவதில்லை. அந்தக் கயிற்றின் பிடியை ஒரு சாண் அப்பால் கட்டிப் பாருங்கள். நெசவாளர் அன்றைக்கு எவ்வளவு நெய்வார்? தறியில் உட்காருகிற ஆளுக்குத் தகுந்தபடி கயிற்றை ஏற்றியும் இறக்கியும் கட்டிக்கொள்வது அங்கே சர்வ சாதாரணம். கிட்டாருக்கு அதைச் செய்யலாம் என்பதுதான் பலருக்குத் தோன்றுவதில்லை.

வீணை வித்துவான்களின் வலது கையை நினைத்துப் பாருங்கள். ஆள்காட்டி விரலும் நடு விரலும் நான்கு வாசிப்புத் தந்திகளை மீட்டுகின்றன. பக்கவாட்டில் தாளத்துக்கென்று மூன்று தந்திகள். அவற்றை மீட்டுவது யார்? சுண்டு விரல்! வீணை செய்தவர்கள் அந்த மூன்று தந்திகளையும் சுண்டு விரல் இயல்பாக விழுகிற இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அமெரிக்காக்காரர்கள் குமிழை எங்கே வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு வெகு காலம் முன்பே தஞ்சாவூர்த் தச்சர்கள் அந்தக் கடைக்குட்டி விரலுக்கு ஓர் உத்தியோகம் கொடுத்துவிட்டார்கள்.

இன்னும் வேடிக்கை வேண்டுமானால், அருப்புக்கோட்டையில் ரயில் ஏறித் திருச்சுழி, நரிக்குடி தாண்டி மானாமதுரையில் இறங்க வேண்டும். கடத்துக்குப் பெயர் பெற்ற ஊர். கனமான பானை, கணீரென்ற நாதம். சுருதி, சூளையிலிருந்து வெளியே வரும்போதே நிச்சயமாகிவிடுகிறது. அதில் குமிழ் ஏது, ஸ்விட்ச் ஏது? ஆனால் வித்துவான் என்ன செய்கிறார்? பானையின் வாயைத் தம் வயிற்றோடு அணைத்துக்கொள்கிறார். அழுத்தினால் ஒரு நாதம். கொஞ்சம் விலக்கினால் கும்மென்று இன்னொரு நாதம். 'டோன்' குமிழ் அவருடைய வயிறுதான். இரண்டு கையும் பத்து விரலும் பானையின் மேல் ஓய்வில்லாமல் இருக்கும்போது, சும்மா இருந்த வயிற்றுக்கு அந்த வேலையைக் கொடுத்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு!

வாசிக்கத் தெரியாதவர் செய்த வாத்தியம்

எலெக்ட்ரிக் கிட்டார் விஷயத்தில் ஓர் ஆச்சரியம். உலகத்தில் அதிகமாகக் காப்பியடிக்கப்பட்ட கிட்டாரைச் செய்தவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. அவர் பெயர் லியோ ஃபெண்டர். கலிபோர்னியாவில் 1909-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே ஒரு கண்ணை இழந்து கண்ணாடிக் கண் வைத்துக்கொண்டவர். 1938-ல் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர்க் கடை போட்டார். வாத்தியக்காரர்கள் ஆம்பிளிஃபயரை ரிப்பேருக்குக் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தவர்கள் தங்கள் குறைகளையும் சொன்னார்கள். அவர் காது கொடுத்துக் கேட்டார். தமக்கு வாசிக்கத் தெரியாததனாலேயே அவர் கேட்டார் என்பது நம் அபிப்பிராயம். வாசிக்கத் தெரிந்திருந்தால் தம் கைக்குச் சௌகரியமானதே உலகத்துக்கும் சௌகரியம் என்று முடிவு செய்திருப்பார்.

1950-ல் அவர் கொண்டுவந்த பலகைக் கிட்டார், 1951-ல் 'டெலிகாஸ்டர்' என்ற பெயரைப் பெற்றது. நீளமான ஓர் உலோகத் தகடு. அதில் முன்னால் ஸ்விட்ச், அடுத்து ஒலிக் குமிழ், கடைசியில் டோன் குமிழ் என்று மூன்றும் வரிசையாக நிற்கும். நல்ல கிட்டார். ஆனால் பலகையின் விளிம்பு சதுரமாக இருந்ததால் வாசிப்பவரின் விலாவிலும் முழங்கைக்குக் கீழேயும் குத்தியது. பில் கார்ஸன் என்ற வாத்தியக்காரர் இதைப் பற்றி விடாமல் நச்சரித்தார். ஹவாய்த் தீவுகளில் பிறந்த ஃப்ரெடி டவாரெஸ் என்ற இன்னொரு வாத்தியக்காரர் 1953-ல் ஃபெண்டரிடம் வேலைக்குச் சேர்ந்து, புதுக் கிட்டாருக்குப் படம் வரைந்து கொடுத்தார். விளிம்பெல்லாம் மழித்து, உடம்பை வாசிப்பவரின் உடம்புக்கு ஏற்றபடி குடைந்து, 1954-ல் 'ஸ்ட்ராடோகாஸ்டர்' வெளிவந்தது. கிட்டார் என்று சொன்னால் இன்று குழந்தை கூட வரைகிற, இரண்டு கொம்பு வைத்த உருவம் அதுதான்.

அதில் ஒலிக் குமிழ் குதிரைக்குப் பக்கத்திலேயே, தந்திகளை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. சுண்டு விரல் நீள வேண்டியதே இல்லை, மடங்கியபடியே தொட்டுவிடலாம். இதனால் கூட்டிக் குறைக்கும் சௌகரியம் மட்டும் அல்ல, ஒரு புது வாசிப்பே கைகூடிற்று. குமிழை முழுக்கக் குறைத்துவிட்டுத் தந்தியை மீட்டுவது. மீட்டிய தட்டல் காதில் விழுவதற்கு முன்பே குமிழை மெள்ளத் திறப்பது. 'டங்' என்ற ஆரம்பம் மறைந்துபோய், வில் போட்டு இழுத்த வயிலினைப் போல ஸ்வரம் எங்கிருந்தோ ஊறி வருகிறது. மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய் கிட்டார்க்காரர்களிடம் இந்த உத்தி முன்பே உண்டு. பிற்பாடு ராய் புக்கானன் என்ற அமெரிக்கர் டெலிகாஸ்டரிலேயே இதைச் செய்து, கேட்டவர்களைக் கண் கலங்க வைத்தார்.

அப்படியானால் தந்திக்குப் பக்கத்தில் குமிழை வைத்ததுதான் சரி என்று தீர்ப்பெழுதிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். நம் குத்துப் பாட்டுக்களுக்கு வாசிப்பது போல வலது கையை வீசி வீசி ஆறு தந்தியையும் ஒருசேர அடிக்கிறவர் இருக்கிறார் அல்லவா? அவருக்கு அந்தக் குமிழ் பரம விரோதி. ஒவ்வொரு வீச்சிலும் விரல் முட்டி அதில் இடிக்கும். குமிழ் தானே திரும்பிவிடும். பாட்டின் நடுவில் கிட்டார் ஊமையாகும். ஒருவருடைய வரப்பிரசாதம் இன்னொருவருக்குச் சாபம். ஆகையால் இத்தகையவர்கள் முதல் குமிழின் வேலையை இரண்டாவது குமிழுக்கு மாற்றிக்கொண்டு, முதலாவதைக் கழற்றியே எறிந்துவிடுவதும் உண்டு.

போட்டிக் கம்பெனியான கிப்ஸன், லெஸ் பால் என்ற பிரபல வாத்தியக்காரரின் பெயரில் 1952-ல் வெளியிட்ட கிட்டாரில் வேறு ஏற்பாடு. குமிழ்கள் நான்கு, இரண்டு பிக்கப்புக்கும் தனித்தனியே ஒலிக் குமிழ், தனித்தனியே டோன் குமிழ். நான்கும் தந்தியிலிருந்து விலகி, கட்டிலின் நான்கு கால்களைப் போல நிற்கின்றன. சுண்டு விரலுக்குச் சுலபமாக எட்டாது. ஸ்விட்சோ, கீழே இல்லாமல் மேலே, கழுத்துக்குப் பக்கத்துத் தோள்புறத்தில் இருக்கிறது. இது என்ன அநியாயம் என்று தோன்றும். ஆனால் விஷயம் தெரிந்தவர் இதில் ஒரு தந்திரம் செய்கிறார். கழுத்துப் பிக்கப்பின் ஒலியைப் பாட்டுக்குப் பின்னால் வாசிக்கிற அளவுக்குக் குறைத்து வைக்கிறார். குதிரைப் பிக்கப்பை இடையிசைக்கு வேண்டிய அளவுக்குக் கூட்டி வைக்கிறார். கச்சேரி தொடங்கியபின் குமிழைத் தொடுவதே இல்லை. ஸ்விட்சை மேலே தள்ளினால் அடக்கம். கீழே தள்ளினால் ஆர்ப்பாட்டம். அடித்த கை மேலே எழும்பும்போதே தள்ளிவிடலாம். தவறுதலாக இடிக்கவும் இடிக்காது. மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறவர்களுக்கு இதைவிட உத்தமமான ஏற்பாடு இல்லை என்பது நம் துணிபு.

ஃபெண்டரும் இதே யோசனையில், 1958-ல் வந்த 'ஜாஸ்மாஸ்டர்' கிட்டாரில் மேல்புறம் தனி ஸ்விட்ச் ஒன்றும் பல் வைத்த இரண்டு சிறு சக்கரங்களும் வைத்துப் பார்த்தார். இருக்கிறதெல்லாம் போதாதென்று இன்னும் இரண்டு. எந்த ஸ்விட்ச் எதற்கு என்று வாசிப்பவர் நினைவு வைத்துக்கொள்வதற்குள் சரணம் முடிந்துவிடும்! இதற்கு நேர் மாறாக, 1978-ல் தம் முதல் இசைத்தட்டால் உலகத்தை ஒரு கலக்குக் கலக்கிய எட்டி வான் ஹேலன், தாமே பல கிட்டார்களின் அங்கங்களைச் சேர்த்து ஒட்டுப்போட்ட வாத்தியத்தில் ஒரே ஒரு குமிழ்தான் வைத்துக்கொண்டார். அது ஒலிக் குமிழ். அதன் தலையில் எழுதியிருந்ததோ 'டோன்' என்று. கையில் அகப்பட்ட குமிழை எடுத்து மாட்டிவிட்டார் போலும்!

தீக்குச்சி செய்த சீர்திருத்தம்

வாத்தியக்காரர்கள் கம்பெனிக்காரர்களுக்குப் பாடம் சொன்ன கதை ஒன்று உண்டு. ஸ்ட்ராடோகாஸ்டரில் பிக்கப் மூன்று. ஸ்விட்ச் நிற்கிற இடமும் மூன்று. ஒரு சமயத்தில் ஒன்றுதான் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. வாசித்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஸ்விட்சை இரண்டு இடங்களுக்கு நடுவே திரிசங்கு சொர்க்கமாக நிறுத்திப் பார்த்தார்கள். பக்கத்துப் பக்கத்துப் பிக்கப் இரண்டும் சேர்ந்து பேசின. மூக்கால் பாடுவது போல, மணி உருளுவது போல, தனி ஒருவித நாதம் பிறந்தது. அது வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள், ஸ்விட்ச் நழுவாமல் இருக்கத் தீக்குச்சியையோ வேறு துண்டையோ செருகி வைத்துக்கொண்டு வாசித்தார்கள். 1954-ல் வந்த கிட்டாருக்கு, ஐந்து இடங்களில் நிற்கிற ஸ்விட்சைத் தொழிற்சாலையே பொருத்திக் கொடுத்தது 1977-ல். அதாவது, தீக்குச்சி சொன்னது கம்பெனிக் காதில் விழ இருபத்து மூன்று வருஷம் ஆயிற்று.

இடது கைப் பழக்கக்காரர்களின் பாடு இன்னும் விசேஷம். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இடது கைக்காரர். வலது கைக்காரருக்கென்று செய்த ஸ்ட்ராடோகாஸ்டரையே வாங்கித் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை மாற்றிக் கட்டிக்கொண்டார். அப்போது கீழே இருக்க வேண்டிய குமிழ்களும் ஸ்வரத்தை ஆட்டுகிற கம்பியும் மேலே வந்துவிட்டன. முன்கைக்கு அடியில் அகப்பட்டுக்கொண்டன. யாரும் சௌகரியம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் 1970-ல் இறப்பதற்குள் அந்த அசௌகரியமான வாத்தியத்திலிருந்தே அவர் எழுப்பிய நாதங்களை இன்றுவரை பிறர் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு, "பார்த்தாயா, குமிழ் எங்கே இருந்தால் என்ன?" என்று யாராவது கேட்பார்கள். ஹெண்ட்ரிக்ஸ் ஒருவர்தான் என்பதே அதற்குப் பதில். அருப்புக்கோட்டையிலும் மற்ற ஊர்களிலும் இருக்கிற ஆயிரம் பேருக்குச் சட்டம் வகுக்கும்போது அவரை உதாரணம் காட்டுவது நியாயம் ஆகாது.

நம் கர்நாடக சங்கீதத்தில் இந்தப் பிரச்னை வேறு வடிவத்தில் வந்தது. 1969-ல் ஆந்திராவில் பாலகொல்லு என்ற ஊரில் பிறந்த உப்பலப்பு ஸ்ரீநிவாஸ், சிறுவனாகவே மாண்டலினைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறினார். 1981-ல் சென்னை ரசிகர்கள் அவரைக் கேட்டார்கள். சாதாரண மாண்டலினில் இரட்டை இரட்டையாக எட்டுத் தந்திகள். மீட்டிய ஸ்வரம் உடனே செத்துவிடும். ஆகவேதான் அதைக் கிடுகிடுவென்று நடுக்கி நடுக்கி வாசிப்பார்கள். அந்த நடுக்கத்தில் கமகம் எங்கே நிற்கும்? இரட்டைத் தந்தியை ஒருசேர இழுத்து வளைப்பதும் பெருஞ் சிரமம். ஸ்ரீநிவாஸ் கெட்டிக் கட்டையால் ஆன எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்துக்கொண்டார். ஒற்றை ஒற்றையாக ஐந்து தந்திகளை வைத்துக்கொண்டார். மின்சாரத்தின் தயவால் ஸ்வரம் நீண்டு நின்றது; நின்ற ஸ்வரத்தை இழுத்து அசைக்கக் கைக்கு இடம் கிடைத்தது. இது ஏது, மேனாட்டு விளையாட்டுச் சாமானில் தோடியா என்று முகம் சுளித்தவர்களும் ஆலாபனை முடிவதற்குள் தலையாட்டினார்கள். 2014-ல் சென்னையில் 45 வயதில் அவர் காலமானது சங்கீத உலகத்துக்கு நேர்ந்த துயரம். கருவிக்குத் தகுந்தபடி ராகத்தைக் குறுக்கிக்கொள்ளாமல், ராகத்துக்குத் தகுந்தபடி கருவியை மாற்றிக்கொண்டவர் அவர் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

வெள்ளைக்காரர்களிலும் ஒருவர் இப்படிச் செய்தார். ஜான் மக்லாஃப்லின், 1970-களில் 'சக்தி' என்ற குழுவில் எல். சங்கரின் வயிலினோடும் விக்கு விநாயகராமின் கடத்தோடும் சேர்ந்து வாசித்தபோது, மெட்டுக்களுக்கு இடையே மரத்தைப் பள்ளமாகக் குடைந்த கிட்டாரை வைத்துக்கொண்டார். விரல் மரத்தில் உராயாமல் தந்தியை அழுத்தவும் இழுக்கவும் வேண்டும் என்பதற்காக. வீணையில் உயர்ந்த மெட்டுக்கள் செய்கிற உபகாரம் அதுதான். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு எலெக்ட்ரிக் கிட்டாரிலேயே முழுக் கர்நாடகக் கச்சேரி செய்கிற ஆர். பிரசன்னாவைக் கேட்டவர்களுக்கு, கமகம் குமிழிலிருந்து பிறப்பதில்லை, இடது கை விரலிலிருந்து பிறக்கிறது என்பது தெரியும். ஆனால் அந்தக் கமகத்தின் கடைசி இழை காதில் விழுகிறதா, இல்லையா என்பதைக் குமிழும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

இனிக் கரிசல் காட்டுக்குத் திரும்புவோம். அங்கே கிட்டாருக்கு முதல் எதிரி தூசி. கோடைக் காற்றில் பறக்கிற தூசி உறைக்குள் புகுந்து, குமிழுக்கு அடியிலும் புகுந்துவிடும். குமிழ் என்பது வெளித் தலை. உள்ளே கரிப் பூச்சுப் பூசிய ஒரு வளையம் இருக்கிறது. அதன் மேல் ஓர் உலோக நாக்கு ஊர்ந்து போகிறது. நடுவில் தூசி அகப்பட்டால் திருகும்போதெல்லாம் 'கரகர' என்று சத்தம் வரும். உடனே கிட்டார் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். ரேடியோ, ஆம்பிளிஃபயர் ரிப்பேர் செய்கிற கடையில் இதற்கென்று இருக்கிற துப்புரவு மருந்தைப் பீச்சி, குமிழை இருபது தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருகினால் பெரும்பாலும் சரியாகும். ஆகாவிட்டால் வேறு போடலாம். சாதாரணப் பிக்கப்புக்கு 250 ஆயிரம் ஓம் தடை. இரட்டைச் சுருள் பிக்கப்புக்கு 500 ஆயிரம் ஓம். வாங்கும்போது இதைச் சொல்லி வாங்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லி வாங்க வேண்டும். இந்த ஒலித் தடையில் இரண்டு ஜாதி. ஒன்றில் தடை சீராக ஏறும். மற்றொன்றில் காதின் சுபாவத்துக்குத் தகுந்தபடி ஏறும். நம் காது ஒரு விசித்திரப் பிராணி. மின்சாரத்தைப் பாதியாகக் குறைத்தால் அதற்குப் பாதியாகக் கேட்பதில்லை. ஏதோ கொஞ்சம் குறைந்த மாதிரிதான் கேட்கும். ஆகையால் முதல் ஜாதியைப் போட்டுவிட்டால் குமிழை எவ்வளவு திருகினாலும் ஒன்றும் நடக்காது. கடைசிக் கோடியில் திடீரென்று எல்லாம் அடங்கிவிடும். சுண்டு விரல் ஒரு வீச்சில் திருக முடிவதோ குமிழின் முழுச் சுற்றில் ஒரு சிறு பங்கு. வேண்டிய மாறுதல் அந்தப் பங்குக்குள் நடக்காவிட்டால், குமிழ் பக்கத்தில் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

குமிழைக் குறைத்தால் ஒலி குறைவதோடு நாதமும் மங்கிப் போகிறதே என்று பலர் குறைப்படுவார்கள். அதற்கும் மருந்து உண்டு. ஒலித் தடையின் இரண்டு கால்களுக்கு இடையே மிகச் சிறிய கண்டென்ஸர் ஒன்றைப் பற்றவைத்தால், கூர்மையான ஒலிகள் அதன் வழியே நழுவிப் பிழைத்துக்கொள்கின்றன. செலவு அற்பம். டெலிகாஸ்டர் மாதிரிக் கிட்டார் வைத்திருப்பவர்கள் இன்னொரு காரியம் செய்யலாம். அந்த உலோகத் தகட்டைக் கழற்றித் திருப்பி மாட்டி, கம்பிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டால், பின்னால் இருந்த குமிழ் முன்னால் வந்துவிடும். கை வீச்சில் இடித்துக்கொண்டிருந்த ஸ்விட்ச் பின்னால் போய்விடும். மரத்தில் புதுத் துளை போட வேண்டியதில்லை. உலகமெங்கும் வாசிக்கிறவர்கள் செய்துகொள்கிற மாறுதல்தான் இது.

அடுத்தது இரைச்சல். மேடையைச் சுற்றி டியூப் லைட்டும் சீரியல் விளக்கும் எரியும்போது, ஒற்றைச் சுருள் பிக்கப் அவற்றின் மின்சார முனகலையும் பிடித்து 'உம்' என்று ஒலிபரப்பும். ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றிய இரட்டைச் சுருளால் இந்த முனகலைக் கொல்லலாம் என்று கிப்ஸன் கம்பெனி என்ஜினீயர் சேத் லவர் 1955-ல் கண்டு காட்டினார். ஒற்றைச் சுருள்காரர்களுக்கு இருக்கிற ஒரே கதி, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே குமிழை அடியோடு மூடிவிடுவது. அறிவிப்பாளர் நன்கொடை கொடுத்தவர்கள் பெயரை வாசிக்கும்போது பின்னால் வண்டு ரீங்காரம் செய்துகொண்டே இருந்தால், யாரும் குமிழை மூடவில்லை என்று அறிக.

பிள்ளைக்குக் கிட்டார் வாங்கக் கடைக்குப் போகிற பெற்றோர்களுக்கு: பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். தோள் வாரை மாட்டி, பிள்ளையை நிற்க வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்து வாசிக்கும்போது எட்டுகிற குமிழ், நின்றவுடன் எட்டாமல் போவது உண்டு. வாரை இறக்கி விட்டால் மணிக்கட்டு மடங்கி இன்னும் தூரமாகும். பிறகு கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மீட்டுவதை நிறுத்தாமலே ஒலியைக் குறைக்கச் சொல்லுங்கள். ஸ்விட்சை மாற்றச் சொல்லுங்கள். பிறகு ஆறு தந்தியையும் வேகமாக அடிக்கச் சொல்லி, கை எதிலாவது இடிக்கிறதா என்று கவனியுங்கள். கடைக்காரர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். மூன்று நிமிஷச் சோதனைதான்.

கடைசியாக, வயர் செருகுகிற துளை. ஸ்ட்ராடோகாஸ்டரில் அது முகத்திலேயே குழிவாக இருக்கிறது. லெஸ் பாலில் விளிம்பில் இருக்கிறது. எங்கே இருந்தாலும், நெருக்கமான மேடையில் யாராவது ஒருவர் வயரை மிதிக்காமல் இருக்க மாட்டார். மிதித்தால் செருகி 'டப்' என்று கழன்று, ஒலிபெருக்கி ஊரையே எழுப்பிவிடும். இதற்குக் காலணாச் செலவில்லை. செருகுவதற்கு முன்பு வயரைத் தோள் வாருக்குப் பின்பக்கமாக ஒரு சுற்று விட்டுச் செருகச் சொல்லுங்கள். அப்புறம் யார் மிதித்தாலும் இழுபடுவது வார்தான்.